மீனம்பாக்கத்திலிருந்து கோயம்புத்தூர்: மலிவு விமானத்தில் ஒரு மணி நேரம்

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் “இந்தியாவுக்குப் போறேன், சொந்தத்தைப் பார்க்க” என்று சொன்னால், அந்த இந்தியா பல வீடுகளுக்கு நீலகிரிதான். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டது. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்த அண்ணனும் தம்பியும் வேறு வேறு பட்டியலில் விழுந்தார்கள். போகிறவர்கள் பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையால் அந்தக் கோச்சிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பேர் விழுந்தது. அப்படிப் போனவர்களில் பெருந்தொகையானோருக்குத் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’ கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் வேலை கொடுத்தது. இங்கே கொழுந்து பறித்த கை அங்கேயும் கொழுந்தே பறித்தது.

தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுபோனது. இன்று பசறையிலிருந்து கோத்தகிரிக்குப் போகிறவர் இரவு பஸ்ஸில் கொழும்பு போய், கோட்டையிலிருந்து 187 இலக்க பஸ்ஸில் கட்டுநாயக்க போய், அங்கிருந்து சென்னைக்குப் பறக்கிறார். கடவுச்சீட்டு, விசா, கட்டுநாயக்க எல்லாவற்றையும் முந்திய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயம் அதற்கடுத்த ஒரு துண்டைப் பற்றியது: சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு, கோயம்புத்தூருக்கு உள்நாட்டு விமானம் ஏறுவது. பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவதும் கைக்காசை இழப்பதும் இந்தத் துண்டில்தான் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் இதற்குப் பழகிக்கொள்ள வழியில்லை. இரத்மலானையிலிருந்து பலாலிக்குச் சிறு விமானங்கள் போய் வந்திருக்கின்றன. ஊவா மாகாணத்திலிருந்து ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. 2013இல் திறந்த மத்தள விமான நிலையம் நமக்குக் கட்டுநாயக்கவை விடக் கிட்டத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கமாக ஏறிப் போகும் விமானம் அங்கே இல்லை. ஆகவே நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதன்முதலாக ஏறும் உள்நாட்டு விமானம் தமிழ்நாட்டினுடையதாகத்தான் இருக்கும்.

விமானமா, ரயிலா?

டிக்கட் எடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி, குன்னூர் போகிறவருக்கு விமானம்தான் வழி என்று இல்லை. சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில், மலை அடிவாரத்திலேயே இறக்கிவிடும். 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ரயில் கோயம்புத்தூருக்கு ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. உடம்பில் தெம்பிருந்து, படுக்கை இடமும் கிடைத்தால் நீலகிரி எக்ஸ்பிரஸ் நல்ல பயணம். நானே இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். சென்னையில் உங்களை வந்து கூட்டிப்போக ஆள் இருந்தால் அதையே முதலில் யோசியுங்கள்.

விமானம் யாருக்குப் பொருந்தும் என்றால், கொழும்பிலிருந்து வந்த களைப்போடு மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாத வயதானவருக்கு, குழந்தை உள்ளவருக்கு, சாவு வீட்டுக்கு ஓடுகிறவருக்கு. ஒரே விமான நிலைய வளாகத்துக்குள் இறங்கி ஏறிவிடலாம். அந்த வசதிக்காகத்தான் இவர்கள் காசு கொடுக்கிறார்கள்.

மலிவு என்பதன் கணக்கு

சூர்யா நடித்த ‘சூரரைப் போற்று’ படம் 2020இல் வந்தபோது நம் லயங்களில் அதைப் பார்க்காத இளைஞர் குறைவு. அந்தக் கதைக்கு வேர் கேப்டன் கோபிநாத் என்ற கர்நாடகக்காரர். 2003இல் அவர் தொடங்கிய ஏர் டெக்கான்தான் இந்தியாவின் முதல் மலிவுக் கட்டண விமான நிறுவனம். அந்த நிறுவனம் பிறகு கைமாறிப் பெயரே இல்லாமல் போனது. அது காட்டிய வழி மட்டும் நின்றுவிட்டது. 2006இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ இன்று இந்திய உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேலானோரை ஏற்றிச் செல்கிறது. சென்னை–கோவை வழியில் நீங்கள் ஏறப்போவதும் பெரும்பாலும் அதில்தான்.

அந்த வழி இப்படி. பழைய நிறுவனங்கள் டிக்கட் விலைக்குள் சாப்பாடு, பொதி, விருப்பமான இருக்கை எல்லாவற்றையும் சேர்த்து விற்றன. மலிவு நிறுவனம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, அடிவிலையில் ஓர் இருக்கை, ஒரு நேரம், ஓர் அளவு நிறை என்ற மூன்றை மட்டும் தருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் தனிக் காசு. முந்திச் செலுத்தினால் குறைவு, கவுண்டரில் வந்து செலுத்தினால் கூட. ஆகவே மலிவு விமானத்தில் மலிவாகப் போவதற்கு வேண்டிய வேலை முழுவதும் லயத்தில், வீட்டு வாசலில், பெட்டி கட்டுகிற இடத்திலேயே முடிந்துவிட வேண்டும். விமான நிலையத்துக்கு வந்த பிறகு செய்கிற ஒவ்வொரு திருத்தமும் இந்திய ரூபாயில் போகும். அந்த ஒரு ரூபாய் நம் மூன்று ரூபாய்க்கும் மேல் என்பதை மறக்க வேண்டாம்.

டிக்கட் எடுக்கும்போது

கொழும்பு–சென்னை, சென்னை–கோவை இரண்டையும் ஒரே நிறுவனத்தில், ஒரே டிக்கட்டாக எடுக்க முடிந்தால் அப்படியே எடுங்கள். அப்படி எடுத்தால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களை அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பொதி நிறையும் வெளிநாட்டுப் பயணத்துக்கு உரிய கூடுதல் அளவே கடைசி வரை செல்லும். டிக்கட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எடுத்தால் இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று அறியாது. சென்னையில் குடிவரவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, சுங்கம், பக்கத்து முனையத்துக்கு நடப்பது எல்லாம் சேர்த்து நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். ஐந்தாக இருந்தால் நான் இன்னும் நிம்மதியாக இருப்பேன்.

அடுத்தது பெயர். நம்மில் எத்தனையோ பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது. செல்வராணி ஓரிடத்தில் செல்லராணி. இராமசாமி ஓரிடத்தில் இராமாசாமி. இந்தப் பயணத்தில் கடவுச்சீட்டில் இருக்கிற ஆங்கில எழுத்து ஒன்றுக்குத்தான் மதிப்பு. டிக்கட் எடுத்துத் தருகிறவரிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டின் படப்பக்கத்தையே கொடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தில் எது, மற்றப் பெயர் கட்டத்தில் எது என்பதையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்பச் சொல்லுங்கள். டிக்கட் கைக்கு வந்த அன்றே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாளிலேயே சொன்னால் திருத்துவது எளிது. மீனம்பாக்கம் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வீரரிடம் “அதுவும் நான்தான் சார்” என்று விளக்க நேர்ந்தால் கஷ்டம்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: டிக்கட்டில் பதிகிற தொலைபேசி இலக்கம். பதுளையிலோ பண்டாரவளையிலோ முகவர் மூலம் எடுத்தால் அவர் தன் இலக்கத்தைப் போட்டுவிடுவார். விமானம் இரண்டு மணி நேரம் பிந்துகிறது, வாசல் மாறிவிட்டது, விமானமே இரத்து என்ற குறுஞ்செய்தி எல்லாம் அவர் கடை மேசையில் இருக்கிற போனுக்குப் போகும். நீங்கள் சென்னையில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். கோத்தகிரியில் உங்களை எதிர்பார்த்திருக்கிற மச்சானின் இந்திய இலக்கத்தைப் பதியச் சொல்லுங்கள். இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கீழே, தாமதம் பற்றிச் சொல்கிற இடத்தில் வருகிறேன்.

இருக்கை தெரிவுசெய்கிற பக்கத்தில் ஒவ்வோர் இருக்கைக்கும் விலை போட்டுக் காட்டுவார்கள். கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்பது போலத் தோன்றும். வேண்டியதில்லை. தாண்டிப் போனால் கடைசியில் அவர்களே ஓர் இருக்கை தருவார்கள். பிள்ளையோடு போகிறவர்கள் பயப்படவும் வேண்டாம்: 12 வயது வரையான பிள்ளையை ஒரே டிக்கட்டில் வரும் தாய் அல்லது தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் உத்தரவிட்டிருக்கிறது.

நிறுவை

இண்டிகோ போன்ற நிறுவனங்களின் சாதாரண உள்நாட்டு டிக்கட்டில் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வருகிற டிக்கட் அதைவிடக் கூடத் தரும். நாம் அதை நம்பிக் கட்டுவோம். சென்னையில் தனி டிக்கட்டோடு நிற்கும்போது மிச்சம் முழுவதும் அதிகப்படி நிறையாகிவிடும்.

என் அத்தைக்கு அதுதான் நடந்தது. அவர் பசறையில் 38 வருடம் கொழுந்து பறித்தவர். கோத்தகிரித் தங்கச்சியை நாற்பது வருடம் கழித்துப் பார்க்கப் போகிறார். கை வீசிக்கொண்டு போவாரா? தேயிலைத்தூள், மாசிக்கருவாடு, சித்தாலேப, சந்தன சவர்க்காரம், பிள்ளைகளுக்கு மில்க் டொபி என்று பெட்டி நிறைந்துவிட்டது. சென்னைக் கவுண்டரில் பெட்டியை வைத்ததும் சிவப்பு எழுத்தில் 22.3 என்று வந்தது.

“அம்மா, ஏழு கிலோ கூட இருக்கு,” என்றது அந்தப் பெண்பிள்ளை.

அத்தை கொஞ்சமும் யோசிக்காமல் கேட்டார்: “ஏழு கிலோவா? நெறுவ சரியா புள்ள? இன்னொருக்கா வச்சுப் பாரு.”

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. இன்னொரு முறை வைத்துக் காட்டியது. மடுவத்தில் கொழுந்துக் கூடைக்கு, ஈரத்துக்கு, சாக்குக்கு என்று ஒவ்வொரு நாளும் கிலோ வெட்டுவதைப் பார்த்தே வயதானவர் அவர். தராசு சொல்வதை ஒரு தடவையில் நம்பாதது அவர் சம்பாதித்த அறிவு. நீங்களும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. நிறுவை இயந்திரத்தின் ஓரத்தில் உங்கள் கைப்பை சாய்ந்திருந்தாலே ஒரு கிலோ கூடிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று நிறுவை சரியாகத்தான் இருந்தது. வரிசைக்கு ஓரமாகப் பெட்டியைத் திறந்து, தேயிலைத்தூள் பைகளைக் கைப்பைக்கு மாற்றி, அதுவும் ஏழு கிலோவைத் தொட்ட பிறகு மிச்சத்துக்குக் காசு கட்டினோம். ஒரு கிலோவுக்குப் பல நூறு இந்திய ரூபாய். அந்தத் தேயிலையின் விலையைவிட அதைத் தூக்கிப் போன விலை கூட.

அடுத்த முறை அத்தை வேறு மாதிரி செய்தார். கொழுந்து நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றை ஓர் இரவுக்கு இரவல் வாங்கி, காம்பரா வாசல் வளையில் கட்டி, பெட்டியை மாட்டினார். முள் 17இல் நின்றது. சவர்க்காரத்தை எடுத்தார், 16. பெட்டியையே மாற்றினார்: சக்கரம் வைத்த தடித்த பெட்டி வெறுமையாகவே நான்கு கிலோ, துணிப்பை ஒரு கிலோகூட இல்லை. பதினான்கரையில் வைத்துக் கட்டினார். நான் இந்தப் புத்தகத்தில் சொல்கிற எல்லா ஆலோசனையிலும் இது ஒன்றுக்குத்தான் காசாகவே பலன் கிடைக்கும். கூடுதல் நிறை கட்டாயம் வேண்டுமென்றால் டிக்கட்டோடு சேர்த்து முன்கூட்டியே வாங்குங்கள், கவுண்டரை விட மலிவு.

எந்தப் பொருள் எந்தப் பையில் என்பதும் முக்கியம். போன் சார்ஜ் செய்கிற பவர்பேங்க் கட்டாயம் கைப்பையில். பெட்டிக்குள் வைத்தால் திரும்ப அழைத்துத் திறக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அந்த மின்கலம் தீப்பிடித்தால் சரக்கு அறைக்குள் அணைக்க ஆள் இல்லை. தீப்பெட்டி, லைட்டர் எதிலும் வேண்டாம். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்று பெட்டியில் ஏற்ற மாட்டார்கள். மிளகாய்த்தூள், ஊறுகாய், எண்ணெய் மிதக்கிற சம்பல் பெட்டியில் போகட்டும்.

வெற்றிலை போடுகிற அம்மாமாருக்கு ஒரு தனிச் சொல். வெற்றிலைப் பையில் இருக்கிற பாக்குவெட்டியை முதல் நாளே எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். சோதனையில் அதை ஆயுதம் என்று எடுத்துவிடுவார்கள். திருப்பித் தர மாட்டார்கள். அம்மாவிடமிருந்து வந்த பாக்குவெட்டியை அப்படி மீனம்பாக்கத்தில் விட்டுவிட்டு வந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். பயணத்துக்கு வேண்டிய பாக்கை வீட்டிலேயே சீவி எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் துப்ப இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீனம்பாக்கத்தில்

ஒரே டிக்கட்டாக இருந்தாலும் சென்னையில் பெட்டியை நீங்களே எடுக்க வேண்டும். இந்தியாவுக்குள் முதலில் இறங்குகிற இடத்தில்தான் சுங்கம். கோவையில் வரும் என்று நம்பி வெறுங்கையோடு வெளியேறிவிடாதீர்கள்.

வெளிநாட்டு முனையத்துக்கு அண்ணா பெயர், உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயர். டிக்கட்டில் டி1 அல்லது டி4 என்று போட்டிருக்கும்; இரண்டும் உள்நாட்டுப் புறப்பாடுதான். எல்லாம் ஒரே வளாகம். பலகைகள் தமிழில் இருக்கின்றன, கேட்டால் தமிழில் சொல்வார்கள். வெளியில் வந்ததும் “டாக்ஸி, டாக்ஸி” என்று சூழ்ந்துகொள்வார்கள்; பக்கத்து முனையத்துக்கு டாக்ஸி தேவையில்லை. இந்திய நேரமும் நம் நேரமும் 2006இலிருந்து ஒன்றுதான், கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

உள்நாட்டு முனைய வாசலில் சி.ஐ.எஸ்.எப். வீரர் டிக்கட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பக்கத்தில் டிஜி யாத்ரா என்று முகத்தைக் காட்டிப் போகிற வழி ஒன்று இருக்கும். அது ஆதார் உள்ளவர்களுக்கு. நாம் சாதாரண வரிசையில் போக வேண்டும். உள்ளே கவுண்டரில் பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸ் வாங்குங்கள். போனில் முன்கூட்டி ‘வெப் செக்-இன்’ செய்ய முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் கவலை இல்லை: கவுண்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனிக்காசு வாங்கக் கூடாது என்று இந்திய அமைச்சு 2022 ஜூலையில் சொல்லிவிட்டது.

நேரத்தில் மட்டும் இவர்கள் இரக்கம் காட்ட மாட்டார்கள். இண்டிகோவில் கவுண்டர் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்னரும், ஏறும் வாசல் 25 நிமிடம் முன்னரும் அடைபடும். பசறையில் பஸ் சாரதி நம்மைக் கண்டால் நிறுத்துவார். இங்கே விமானம் கண்முன் நின்றாலும் கதவு திறக்காது. தவறவிட்டால் டிக்கட் காசு போனது போனதுதான். அப்போதும் அதில் சேர்ந்துள்ள வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கட் எடுக்கும்போதே, பிந்தினால் 48 மணி நேரத்துக்கு முன்னராவது சொல்லுங்கள். கொழுந்துக் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்த நம் தாய்மார் பலர் “எனக்கு எதுக்கு, நடப்பேன்” என்பார்கள். நடக்கட்டும் என்று விடாதீர்கள். மீனம்பாக்கத்தின் பளிங்குத் தரை நீளமானது.

சோதனை முடிந்து உள்ளே போகும்போது வெறும் போத்தலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளலாம். வீட்டு ரொட்டி கொண்டுபோவதற்குத் தடையில்லை. விமான நிலையக் கடைகளில் ஒரு தேத்தண்ணியின் விலை கேட்டால் தலை சுற்றும். அதற்கு மாற்றாக 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ என்று அரசு ஒரு கடையைத் திறந்தது: தேத்தண்ணி 10 ரூபாய், தண்ணீர்ப் போத்தல் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று விலை வைத்தார்கள். விசாரித்துப் போங்கள். நம் கை பறிக்கிற பொருளை நியாய விலைக்குக் குடிக்க ஓர் இடம் இருப்பது எனக்குச் சந்தோஷம்.

வாசல் இலக்கம் கடைசி நேரத்தில் மாறலாம். ஒலிபெருக்கியை நம்பி உட்காராமல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பாருங்கள்.

வானத்தில்

இந்த வழியில் இரண்டு வகை விமானம் வரலாம். ஏர்பஸ் என்றால் ஒரு வரிசையில் மூன்று, நடைபாதை, மூன்று. ஏ.டி.ஆர். என்றால் சிறியது, இரண்டு இரண்டாக இருக்கும், வெளியே விசிறி சுழலும், பின்கதவால் ஏற வேண்டும். விசிறியைப் பார்த்துப் பழைய விமானம் என்று பயந்துவிடாதீர்கள். குறுந்தூரத்துக்கு எரிபொருள் மிச்சம் என்று அதை வைத்திருக்கிறார்கள்.

முதல் முறை ஏறுகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: பசறையிலிருந்து பதுளைக்கு அந்த வளைவுகளில் பஸ்ஸில் போய்ப் பழகிய வயிற்றை விமானம் ஒன்றும் செய்யாது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். ஒரு டொபியைச் சப்பிக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். நமுணுகுலை உச்சி 2,036 மீட்டர். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே அந்த உயரத்தைத் தாண்டிவிடுவீர்கள். தள்ளுவண்டியில் கொண்டுவருகிற சாப்பாடு விலைக்கு. வேண்டாம் என்றால் தலையசைத்தால் போதும். அதற்குள் இறங்குகிற நேரம் வந்துவிடும்.

விமானம் வராவிட்டால்

2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்குப் போதிய ஆயத்தம் இல்லாமல் இண்டிகோவின் விமானங்கள் நாட்கணக்கில் இரத்தாகின. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். இப்படி எப்போதாவது நடக்கும்போது என்ன கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தூரத்துக்கு விமானம் இரண்டு மணி நேரம் பிந்தினால் சாப்பாடும் குடிக்கவும் தர வேண்டும். இரத்து என்றால் வேறு விமானமா, முழுப் பணமா என்பது உங்கள் தெரிவு. உரிய காலத்தில் அறிவிக்காமல் இரத்துச் செய்தால், ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 இந்திய ரூபாய், அதற்கு மேல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய், அல்லது அடிக்கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது நட்டஈடு. புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு இது கிடையாது. டிக்கட்டில் உங்களைத் தொடர்புகொள்ளச் சரியான இலக்கம் இல்லாவிட்டாலும் கிடையாது. முகவரின் இலக்கத்தைப் போடாதீர்கள் என்று மேலே நான் அழுத்திச் சொன்னதற்கு இதுதான் மற்றக் காரணம். கவுண்டரில் முறையாகப் பதில் கிடைக்காவிட்டால் ‘ஏர்சேவா’ என்ற அரசு முறைப்பாட்டுத் தளத்தில் பதியலாம். நீங்கள் போய்ச் சேர்கிற சொந்தக்கார வீட்டுப் பிள்ளைகள் செய்து தருவார்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

கோவையில்

கோயம்புத்தூர் விமான நிலையம் சிறியது, அவிநாசி சாலையில் இருக்கிறது. பெட்டி வருகிற பட்டிக்கு அருகில் நின்று, உங்கள் பெட்டியில் கட்டிய துணியைப் பார்த்து எடுங்கள். சிவப்பு றிபன் வேண்டாம், பாதிப் பேர் அதைத்தான் கட்டுகிறார்கள். பழைய சேலைக் கிழிசல் நல்லது. போர்டிங் பாஸோடு தந்த பொதிச் சீட்டின் இலக்கத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நீலகிரி பஸ்கள் மேட்டுப்பாளையம் சாலை பஸ் நிலையத்திலிருந்து போகின்றன. காந்திபுரத்தில் போய் நின்று தேடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் கோத்தகிரிக்கு அங்கிருந்து 33 கிலோமீட்டர் மலைப்பாதை. கூடலூர், பந்தலூர் போகிறவருக்கு ஊட்டியைத் தாண்டி இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. பிற்பகலுக்குப் பிறகு கோவையில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். கம்பளிச் சட்டை பெட்டியின் அடியில் இருந்தால் இங்கேயே எடுத்து மேலே வையுங்கள். கோவை வெயிலில் அது தேவைப்படாது. பஸ் குஞ்சப்பனை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் குளிர் இறங்கும், சாலையின் இரு பக்கமும் கவ்வாத்து வெட்டிய தேயிலை தெரியும். அத்தை அங்கேதான் கண்ணாடியைத் திறந்து, எந்த மலையில் எத்தனை நாள் கொழுந்து நிற்கிறது என்று எனக்குச் சொல்லத் தொடங்கினார்.